நெல் பழுக்க முன்னம்: வன்னியில் உங்கள் முதல் முழுநீளப் படத்தை எடுப்பது

வட இலங்கையின் வன்னியில் முதற்படம் எடுக்கிற ஒருவரின் கதையில் தகப்பன் சாகிறார் என்று வையுங்கள். மூன்றாம் நாள் காடாத்து, சாம்பல் அள்ளுகிற சடங்கு. திரையில் பார்த்தால் அந்த மூன்று நாளுக்குள் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற வயல் குடலைப் பருவத்தில் தொடங்கி, கதிர் தள்ளி, பழுத்து, கடைசிக் காட்சியில் அரிவு வெட்டி வெறும் தாளாக நிற்கிறது. படப்பிடிப்பு ஏழு வாரம் இழுபட்டிருக்கிறது என்பதை வயல் காட்டிக்கொடுத்துவிடும். வன்னிச் சனத்துக்குக் கமெரா விலை கூடினதா குறைந்ததா என்று தெரியாமல் இருக்கலாம். நெல்லுக்கு எத்தனை நாள் என்று நல்லாகத் தெரியும்.

ஆகவே திரைக்கதை எழுதி முடிந்ததும் கமெராவைத் தேடி ஓடாமல் நாட்காட்டியை எடுத்து வையுங்கள். காலபோகம் ஒக்ரோபர் மழையோடு விதைப்பு. நவம்பர், டிசம்பரில் பச்சை. ஜனவரிக் கடைசியில் பழுக்கத் தொடங்கி மார்ச் வரை வெட்டு. இடையில் வடகீழ்ப் பருவமழை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை நினைத்தால், அந்த மாதத்தை நம்பி யாரும் வெளிப்புறக் காட்சி வைக்கமாட்டார்கள். கோடையில் விளைகிற சிறுபோகத்தின் பச்சை இரணைமடு போன்ற குளங்களின் கீழ்த்தான் கிடைக்கும்; மானாவாரிக் காணிகள் அப்போது காய்ந்து கிடக்கும். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று, கூடவே புழுதி. முல்லைத்தீவுக் கடல் இதற்கு நேர்மாறு: வாடைக் காலத்தில் கொந்தளிக்கும், கச்சான் காலத்தில் அடங்கிக் கிடக்கும். கரைவலை, வாடி (மீனவர் குடில்), தோணிக் காட்சிகளை மேக்குப் பிறகு வைப்பதுதான் புத்தி.

பெரும்பாலான கதைகளுக்குப் பொருந்துவது பெப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முற்பகுதி வரை. மழை விட்டிருக்கும், குளத்தில் தண்ணீர் நிற்கும், காட்டில் பச்சை மிச்சம் இருக்கும், காற்றும் பெரிதாக இராது. ஒரே கரைச்சல், அது அரிவுவெட்டுக் காலம். கூட்டக் காட்சிக்கு வருகிறோம் என்று சொன்ன ஆட்கள் அன்றைக்கு வெட்டு மெசின் கிடைத்துவிட்டால் வயலுக்குத்தான் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏலாது. மெசின் இரவிலும் ஓடும் என்பதால் இரவுக் காட்சியின் ஒலியும் போய்விடும். மே 18 (முள்ளிவாய்க்கால் நினைவு நாள்), நவம்பர் 27 (மாவீரர் நாள்) ஆகிய நாட்களை அண்டி எதையும் வைக்க வேண்டாம். சனம் துக்கத்தில் இருக்கும். பொலிசாரும் கமெராவைக் கண்டால் மறிப்பார்கள். வைகாசி விசாகத்தோடு வட்டாப்பளை அம்மன் பொங்கல் வரும். அந்தப் பக்கம் வாகனம் பிடிப்பது கஷ்டம்.

அடுத்தது நாட்கணக்கு. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று எழுதினால் 90 நிமிடப் படத்துக்கு 90 பக்கம். புதுக் குழு ஒரு நாளில் நாலு பக்கம் எடுத்தால் நல்ல வேகம். அப்படியென்றால் 22, 23 நாள். அதோடு மழைக்கும் சுகமீனத்துக்கும் இரண்டு நாள், ஆறு நாளுக்கு ஒரு ஓய்வு நாள். இந்தக் கணக்கை உடைப்பது நடிப்பும் இல்லை, லைற்றும் இல்லை. இடம் மாறுவதுதான். இரண்டு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற அடுத்த இடத்துக்குப் போனாலும் கழற்றி, ஏற்றி, இறக்கி, பூட்ட ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். பரந்தனில் காலமை, முறிகண்டியில் பின்னேரம் என்று போட்ட நாளில் நாலு பக்கம் இரண்டாகிவிடும். முதற்படத்துக்கு ஆறு இடம் போதும். ஆறும் பத்துக் கிலோமீற்றருக்குள் இருந்தால் இன்னும் நல்லது. திரைக்கதையில் தபாற்கந்தோரில் நடக்கிற உரையாடலை வீட்டுப் படலையடிக்கு மாற்றினால் கதை கெடுவதில்லை, அரைநாள் மிச்சம்.

முதற்படம் எழுதுகிற ஆட்கள் ஏனோ செத்தவீடு, கலியாணம், கோயில் திருவிழா மூன்றையும் ஒரே கதைக்குள் வைத்துவிடுகிறார்கள். இந்த மூன்றில் செத்தவீடு மிகவும் கடினம். நாற்பது பேராவது வேண்டும். நாற்பது பேருக்கும் கதிரை, தேத்தண்ணி, மத்தியானச் சாப்பாடு. பறை, பாடை, வெள்ளைத்துணி, பந்தல் எல்லாம் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் வீடு. சனம் குடியிருக்கிற வீட்டு முற்றத்தில் பொய்யாகவும் பிணம் கிடத்த ஒருவரும் விரும்பமாட்டார்கள். “ஒரு காட்சி எடுக்கிறம்” என்று மட்டும் சொல்லி உள்ளே போய், பாடையை இறக்கும்போது வீட்டுக்கார அம்மா படலையைச் சாத்தினால் அன்றைய நாள் போச்சு. முதலே முழுதாகச் சொல்லுங்கள். கட்டி முடியாத வீடு, ஆட்கள் விட்டுப்போன வீடு என்று பாருங்கள். எடுத்து முடிந்ததும் வீடு கழுவி மஞ்சள் தண்ணி தெளிக்கிற செலவையும் ஆளையும் உங்கள் கணக்கில் போடுங்கள். செத்தவராக நடிக்க வருபவரின் வீட்டாரிடமும் சம்மதம் கேட்க வேண்டும். தாலி கழற்றுகிற காட்சி என்றால் நடிகையின் சொந்தத் தாலியைத் தொடாமல் வேறொரு தாலி செய்து வைத்திருக்க வேண்டும். இவை மூடநம்பிக்கையா என்று படப்பிடிப்புத் தளத்தில் விவாதிக்கிறவர் அந்த ஊரில் இன்னொரு காட்சி எடுக்கமாட்டார்.

போர்க்காலக் கதை என்றால் இன்னொரு கவனம். பட்டாசு கொளுத்தி வெடிச்சத்தம் எடுக்க வேண்டாம். வெடியைப் பிறகு ஒலித்தொகுப்பில் போடலாம். நடிகர் திரும்பிப் பார்க்க ஒரு கைதட்டல் போதும். இடம்பெயர்ந்து ஓடுகிற காட்சிக்கு உண்மையில் அப்படி ஓடின ஆட்களையே கூட்டமாகப் பிடிப்பது சுலபம். ஆனால் “இன்னொருக்கால் ஓடுங்கோ” என்று ஐந்தாம் தரமும் கேட்பது சரியில்லை. அந்தக் காட்சியை ஒரே ஓட்டத்தில் முடிகிற மாதிரி, மூன்று கமெரா வாடகைக்கு எடுத்தாவது திட்டமிடுங்கள். சீருடையோ துப்பாக்கி மாதிரிப் பொருளோ எழுத்தில் அனுமதி இல்லாமல் பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது. காலத்துக்குரிய பொருட்களிலும் பிழை வரும். தொண்ணூறுகளின் உள் வன்னியில் மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்குத்தான். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. இன்றைய ஒழுங்கையில் மின்கம்பம் இல்லாத கோணம் தேடுவதற்கே ஒரு நாள் போகும். ஏ9 வீதியில் வெள்ளைக்கோடு தெரிந்தால் கதை போர் முடிந்த 2009 க்குப் பிறகு என்று பார்க்கிறவர் முடிவு செய்துவிடுவார்.

இடம் பார்க்கப் போகும்போதே கிராம அலுவலரைச் சந்தியுங்கள். பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்கும் நாள், இடம், ஆட்களின் எண்ணிக்கை, வாகன இலக்கம் எழுதிய கடிதம் கொடுத்து, கையெழுத்து வைத்த பிரதியை ஒவ்வொரு வாகனத்திலும் வையுங்கள். காடு என்றால் வனத் திணைக்களம், குளக்கட்டு என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், தண்டவாளம் என்றால் புகையிரதத் திணைக்களம். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தேவை. முகாம்களுக்குப் பக்கத்தில் அனுமதி இருந்தாலும் ஏற்றாமல் விடுவது நல்லது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்புக் கட்டை கண்டால் அது கண்ணிவெடி நிலம்; அதற்கு அங்கால் ஒரு அடி கூட இல்லை, கோணம் எவ்வளவு வடிவாக இருந்தாலும். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் ஊர்க்காரர் நடக்கிற ஒற்றையடிப் பாதையை விட்டு விலக வேண்டாம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கங்களில் இருட்டினால் யானை. இரவுக் காட்சி முடிந்து பெடியளை மோட்டார் சைக்கிளில் தனித்தனியாக அனுப்பாமல் வானில் ஏற்றி அனுப்புங்கள்.

இனி ஒலி. முதற்படங்களில் பாதி இங்கேதான் விழும். வன்னி அமைதியான இடம் என்று கொழும்பிலிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். மைக் அப்படிச் சொல்லாது. விடிய ஐந்து மணிக்குக் கோயில் ஸ்பீக்கர், ஆறரைக்கு லான்ட்மாஸ்டர் உழவு மெசின், ஏழுக்குத் தோட்டத்துத் தண்ணீர் மெசின், பகல் முழுக்க மயில், இரவில் சில்வண்டு, மழை பெய்தால் தவளை. கோயில் பாட்டு உரையாடலுக்குப் பின்னால் விழுந்தால் இரட்டைத் தொல்லை. வெட்டி ஒட்டும்போது பாட்டு நடுவில் துள்ளும். அந்த ஒலிப்பதிவின் உரிமையும் உங்களிடம் இல்லை. தேவாரத்தின் வரி எல்லாருக்கும் பொது. அதை ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவு அப்படியல்ல. பஸ்ஸுக்குள் ஓடுகிற சினிமாப் பாட்டும் இதே கதைதான்.

பனங்காணியை எல்லாரும் கண்ணுக்காகத் தெரிவு செய்வார்கள். கச்சான் அடிக்கும்போது காய்ந்த ஓலை ஒன்றோடொன்று அடிக்கிற சத்தம் பதிவில் மழை பெய்கிற மாதிரிக் கேட்கும். திரையில் வெயில் எறிக்கும், காதில் மழை கொட்டும். இதை மென்பொருளால் முழுதாக எடுக்க ஏலாது. உரையாடலின் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் இருக்கிற அதே மேல் அதிர்வெண்களில்தான் ஓலைச் சத்தமும் கிடக்கிறது. அதை வெட்டினால் பேச்சும் மழுங்கும். பனைக்கூடலில் எடுக்கத்தான் வேண்டும் என்றால் பேச்சில்லாத காட்சியாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் காற்றுக் கிளம்ப முன்னம் காலை எட்டரைக்குள் முடியுங்கள். தகரக் கூரைக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. முகில் வெயிலை மறைத்து விலகும்போதெல்லாம் தகரம் சுருங்கி விரிந்து ‘டிக், டிக்’ என்று வெடிக்கும். நடிகர் அழும்போது ஒவ்வொரு தரமும் வெடிக்கும் என்று நம்பலாம். வீட்டுத்திட்ட வீடுகளின் சீமெந்துச் சுவர் வெறுமையாக இருந்தால் எதிரொலிக்கும். கமெராவுக்குப் பின்பக்கச் சுவரில் மெத்தை, போர்வை தொங்கவிட்டு, நிலத்தில் பாய் விரித்தால் பெருமளவு அடங்கும்.

கம்பில் கட்டிப் பிடிக்கிற பூம் மைக் முகத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடிக்குள் மேலிருந்து வர வேண்டும். நாலு அடிக்குத் தள்ளினால் குரலைவிட ஊர்தான் கேட்கும். வெளியில் மயிர்க்கவசம் இல்லாமல் மைக்கைத் தூக்காதீர்கள். சும்மா ஸ்பொஞ்ச் கச்சானுக்குக் காணாது. சட்டைக்குள் வைக்கிற சிறிய மைக் பருத்தியில் நல்லாக இருக்கும், பட்டிலும் நைலெக்சிலும் உரசும். பதிவு 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற். பதிவுக் கருவியின் மீற்றரில் சாதாரணப் பேச்சு மைனஸ் 20 டெசிபெல் அளவில், கத்தினால் மைனஸ் 10 ஐத் தாண்டாமல். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் அசையாமல் நிற்க வைத்து ஒரு நிமிடம் வெறும் ஒலி எடுங்கள். சாப்பாடு வந்திருக்கும், ஆட்கள் முறைப்பார்கள், பரவாயில்லை. வெட்டுகளுக்கு இடையில் கிடங்கு விழாமல் நிரவுவது அந்த ஒரு நிமிடம்தான். கடற்கரையில் நடிகர் கடலைப் பார்த்து நிற்கட்டும். மைக்கின் வாய் கரைப்பக்கம் பார்க்கட்டும்.

ஜெனரேற்றர் எவ்வளவு தூரத்தில் என்பது வயரைப் பொறுத்தது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தரமும் சத்தம் 6 டெசிபெல் அளவு குறையும். ஆகவே 100 மீற்றர் தள்ளி, ஒரு வீட்டுக்கோ லொறிக்கோ பின்னால் வைக்க வேண்டும். ஆனால் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 100 மீற்றருக்கு 2,000 வாற் இழுத்தால் 13 வோல்ற் அளவு விழும்; 1 சதுர மில்லிமீற்றர் வீட்டு வயரை நீட்டினால் 30 வோல்ற்றுக்கு மேல் விழுந்து, வயரும் சுடும். சுருட்டி வைத்த வயர் உருகியே விடும், முழுதாக விரித்து விடுங்கள்.

படத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டர் 1/50. நொடிக்கு 24 பிரேம் என்றால் ஷட்டர் கோணம் 172.8 பாகை. இல்லாவிட்டால் ரியூப் லைற்றும் மலிவு எல்ஈடியும் படத்தில் துடிக்கும், சின்னத் திரையில் தெரியாது, பெரிய திரையில் தெரியும். தொடக்கத்திலேயே 24 என்று வையுங்கள். 25 இல் எடுத்ததைத் தியேட்டருக்காக 24 ஆக ஓடவிட்டால் 90 நிமிடம் 94 ஆக நீளும், குரலையும் திருத்த வேண்டிவரும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் வெயில் நேரே உச்சியில் நிற்கும். கண் இரண்டும் கறுத்த குழியாகும். காலை ஒன்பது வரையும் பின்னேரம் மூன்றரைக்குப் பிறகும் வெளிப்புறம், நடுவில் வீட்டுக்குள். ஏசி அறையிலிருந்து எடுத்த லென்சை அரை மணித்தியாலம் பைக்குள்ளேயே இருக்கவிட்டுத் திறந்தால் நீராவி படியாது.

நொடிக்கு 100 மெகாபிற் பதிகிற கமெரா மணித்தியாலத்துக்கு 45 ஜீபி நிரப்பும். ஒரு நிமிடப் படத்துக்குப் பதினைந்து நிமிடம் எடுத்தால் மொத்தம் இருபத்திரண்டரை மணித்தியாலம், ஏறத்தாழ ஒரு ரெராபைற். 2 ரெராபைற் டிஸ்க் மூன்று வாங்கி, மூன்றிலும் ஒவ்வொரு இரவும் பிரதி போட்டு, மூன்றையும் வேறுவேறு வீட்டில் வையுங்கள். கோப்பை மவுசால் இழுத்துப் போட்டால், பிரதி நடுவில் அறுந்தது தெரியாது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே சரிபார்த்துப் பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது. மூன்றாவது பிரதி முடியும் வரை கார்டை அழிக்க ஒருவருக்கும் அதிகாரம் கொடுக்காதீர்கள், இயக்குநருக்கும் கூட.

நடிகர்களைப் பற்றி ஒரு விசயம். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தில் ஊறினவர்கள் இருக்கிறார்கள். முகம் அருமை. குரல் திறந்த வெளியில் இருநூறு பேருக்குக் கேட்கப் பழகினது. இரண்டு அடியில் மைக் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் குறையாது. எதிரில் நிற்பவரைப் பக்கத்தில் இருத்தி, குழந்தை நித்திரை என்று சூழலைச் சொன்னால் தானாகக் குறையும். மேடையே ஏறாதவர்களுக்கு வசனத்தை எழுதிக் கொடுத்தால் வானொலி நாடகம் ஆகிவிடும். நிலைமையைச் சொல்லி, அவர்களின் வாயில் வருகிறதை எழுதி எடுங்கள். வன்னியில் ஒரே ஒழுங்கைக்குள் பழைய வன்னிக் குடி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறினவர், மலையகத்திலிருந்து வந்தவர் என்று மூன்று வாய்மொழி இருக்கும். அண்ணனும் தம்பியுமாக நடிப்பவர்கள் இரண்டு வாய்மொழியில் கதைத்தால் ஊரில் முதலில் சிரிப்பார்கள்.

சாப்பாடு: இருபத்தைந்து பேருக்கு மத்தியானம் நாலு கிலோ அரிசி, குடிக்க நாளுக்கு நூறு லீற்றர் தண்ணீர். இதில் கை வைத்துச் செலவைக் குறைக்க வேண்டாம்.

தொகுப்பில் முதல் வெட்டு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வரும், பயப்பட வேண்டாம். உபதலைப்பை மட்டும் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். “அவன் போட்டான்” என்றால் இங்கே போய்விட்டான். தமிழ்நாட்டுக்காரருக்கு எதையோ போட்டான். மொழிபெயர்ப்பவர் வன்னித் தமிழ் கேட்டுப் பழகாதவர் என்றால் பக்கத்தில் இருந்து திருத்துங்கள். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வரியில் நாற்பது எழுத்தளவு. தியேட்டரில் போடத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் நடைமுறைகளையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். பல விழாக்கள் வேறெங்கும் காட்டாத படத்தைத்தான் கேட்கும். யாழ்ப்பாணத்தில் 2015 முதல் நடக்கிற சர்வதேச சினிமா விழா உட்பட, எங்கே முதலில் என்று முடிவெடுக்கும் வரை யூரியூப்பில் ஏற்ற வேண்டாம்.

ஊரில் காட்டுவதைப் பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். வீடு தந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சனசமூக நிலையத்து மண்டபம், 3,000 லூமன் புரொஜெக்டர், இறுக்கிக் கட்டின வெள்ளைத்துணி. நல்லாக இருட்டின பிறகு, ஏழரைக்குத் தொடங்குங்கள். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டாமல், திரைக்கு இரு பக்கமும் ஆளுயரத்தில் வையுங்கள். படம் ஓடுகிற லாப்ரொப்பில் இணைய இணைப்பை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் செத்தவீட்டுக் காட்சியின் நடுவில் அப்டேற் வந்து நிற்கும்.